பன்றியின் இடது காது

ஈல்புரூக் ஊரில் ஜூன் மாதத்து முதல் சனிக்கிழமை நெருங்கினால் லம்பர்ட் குடும்பத்தில் யாருக்காவது வயிற்றுவலி வந்துவிடும். இந்த வருடம் அது மேபலுக்கு வந்தது. அதுவும் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது.

"சனிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கே. இப்பவே எதுக்குடி வயித்தைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கே?" என்றாள் ஐவி.

"பழகிக்கிறேன். திடீர்னு வந்தா அம்மா நம்ப மாட்டாங்க" என்றாள் மேபல்.

ஐவி ஹாலட்டும் மேபல் லம்பர்ட்டும் ஐந்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. மதிய உணவில் ஒருத்தியின் டப்பாவில் இருப்பது பாதி நேரம் மற்றவள் வாயில்தான் இருக்கும். ஆனால் அந்தச் சனிக்கிழமை கொண்டாடும் ஊர் நிறுவிய நாள் வந்தால் மட்டும் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பன்றி வந்து நின்றுவிடும்.

முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த பதினாறு குடும்பங்கள்தான் ஈல்புரூக்கை உண்டாக்கின. ஒவ்வொரு வருடமும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சீட்டு எடுப்பார்கள். சீட்டில் வந்த பழைய ஆளின் வாழ்க்கையைத் தேடிப் பிடித்து, அவரைப் போலவே தொப்பியும் கோட்டும் போட்டுக்கொண்டு, ஊர்ப் புல்வெளி மேடையில் சொல்ல வேண்டும். அதுவரை தொல்லை இல்லை.

தொல்லை அதற்குப் பிறகுதான். 1671இல் ஜாப் லம்பர்ட் என்பவர் தேவாலய மூப்பர் எபனேசர் ஹாலட்டின் பன்றியைத் திருடிவிட்டாராம். அதனால் லம்பர்ட் வீட்டுப் பிள்ளை ஒன்று துணிப்பன்றியைத் தூக்கிக்கொண்டு புல்வெளியைச் சுற்றி ஓட வேண்டும். ஊரே துரத்திப் பிடித்து, கழுத்தையும் இரண்டு கையையும் மேடையில் நிற்கும் தண்டனைப் பலகையான தொழுமரத்தின் ஓட்டைகளில் மாட்டும். பிறகு வாளிகளில் ஊறிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்சுகள் பறந்து வரும். முதல் ஸ்பாஞ்சை எறியும் உரிமை ஹாலட் குடும்பத்துக்கு.

ஐவியின் அப்பா ரூஃபஸ் ஹாலட் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். ஆனால் மே மாதக் கடைசியில் கொட்டகைச் சுவரில் வட்டம் வரைந்து, ஈர ஸ்பாஞ்சு எறிந்து பயிற்சி எடுப்பார். குறி தப்பவே தப்பாது.

"போன வருஷம் எங்கண்ணனுக்கு ஒரு வாரம் காதுக்குள்ள தண்ணி" என்றாள் மேபல். "அதுகூடப் பரவாயில்லை. ஸ்கூல் பஸ்ல ஏறினாலே எல்லாரும் பன்னி மாதிரி உறுமினாங்க. கிறிஸ்துமஸ் வரைக்கும் உறுமினாங்க. அவன் நடந்தே போக ஆரம்பிச்சிட்டான்."

ஐவிக்கு முகம் சுட்டது. போன வருடம் அவளும் இரண்டு ஸ்பாஞ்சு எறிந்திருந்தாள். ஒன்று நன்றாகவே பட்டது.

சீட்டு எடுத்தபோது ஐவிக்கு வந்த பெயர் யாருடையது தெரியுமா? ஜாப் லம்பர்ட். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

"நல்லதாப் போச்சு. நீ கதை சொல்லு, நான் நனையறேன்" என்றாள் மேபல். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

புதன்கிழமை பள்ளி விட்டதும் ஐவி ஊர் மன்றத்தின் பதிவு அறைக்குப் போனாள். அதைப் பார்த்துக்கொள்பவர் க்விம்பி. தூசியே பிடிக்காத ஒல்லியான கிழவர். திருடன் பிடிபட்டதும் மேடையில் மணி அடிப்பவரும் அவர்தான்.

"கையைக் கழுவிட்டு வா. வாயில இருக்கிற சூயிங்கம்மை வெளியே போட்டுட்டு வா" என்றார். பிறகு கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல் பழைய ஊர்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

அந்தக் கால எழுத்து கோழி கிளறியதுபோல இருந்தது. க்விம்பி ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்ட, ஐவி குறித்துக்கொண்டாள். ஜாப் லம்பர்ட் 1659இல் மனைவி தாமசினோடு வந்தார். கொண்டுவந்தவை ஒரு கோடரி, ஒரு இரும்புச் சட்டி, இரண்டு பன்றிகள். வேலியைக் குட்டையாகக் கட்டியதற்கு ஊர்க்கூட்டத்தில் ஒருமுறை திட்டு வாங்கினார். பாலம் கட்டும்போது கால்விரல் ஒன்றை இழந்தார். ஐந்து பிள்ளைகள்.

1671இல் பன்றி வழக்கு. அந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதியை எலி தின்றிருந்தது. தீர்ப்பு எலியின் வயிற்றுக்குள் போய்விட்டது.

அடுத்த பக்கத்தைப் படித்ததும் ஐவி பென்சிலைக் கீழே வைத்தாள். 1672இல் ஊர்ப் பன்றிகளுக்கெல்லாம் காவலராக ஊர்க்கூட்டம் ஒருவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. பெயர் ஜாப் லம்பர்ட். தொடர்ந்து ஒன்பது வருடம் அவரேதான்.

"சார், பன்னி திருடினவரையா பன்னிக்குக் காவல் வெப்பாங்க?"

"அந்தக் காலத்து ஆளுங்களுக்குக் கிண்டல் ஜாஸ்தி" என்றார் க்விம்பி.

"ஒன்பது வருஷமாவா கிண்டல் பண்ணினாங்க?"

க்விம்பி இருமினார். "அவர் திருடினதுக்குச் சாட்சி இருக்கு பாப்பா. அந்தக் காலத்துல பன்னியெல்லாம் காட்டுல சுத்தும். எது யாரோடதுன்னு தெரியணுமில்ல? அதனால காதுல வீட்டுக்கு ஒரு அடையாளமா வெட்டி விடுவாங்க. இதோ எழுதியிருக்கு. ஹாலட் வீட்டுக்கு இடது காதுல அரைவட்டம். லம்பர்ட் வீட்டுக்கு வலது காதுல அரைவட்டம். லம்பர்ட் பட்டியில பிடிச்ச பன்னியை எழுத்தர் வரைஞ்சே வெச்சிருக்கார். நீயே பாரு."

ஐவி பார்த்தாள். பன்றி நேராக அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அரைவட்ட வெட்டு தாளின் இடது பக்கம் இருந்தது.

"நூறு வருஷத்துக்கு முன்னால ஊர் வரலாறு எழுதினவர் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் எழுதினார். அதுலேர்ந்துதான் இந்த விளையாட்டே ஆரம்பிச்சது" என்றார் க்விம்பி.

ஐவிக்கு ஏமாற்றமாக இருந்தது. படத்தை நகல் எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வியாழக்கிழமை மாலை மேபல் வீட்டுக்குப் போனாள். லம்பர்ட் வீட்டில் இன்றைக்கும் பன்றி வளர்க்கிறார்கள். சனிக்கிழமைக் கண்காட்சிக்குப் போகவிருந்த குட்டி ஒன்றை மேபல் குளிப்பாட்டி, முன்கால்களைப் பிடித்து நிறுத்தியிருந்தாள். அது சேற்றைப் பார்த்து ஏக்கத்தோடு முனகியது.

"அந்த மஞ்சள் ரிப்பனை எடு. இடது காதுல கட்டு" என்றாள் மேபல்.

ஐவி குட்டிக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, அழகாக முடிச்சுப் போட்டாள்.

"அது வலது காதுடி."

"என் இடது கைப்பக்கம்தானே இருக்கு?"

"நீ உன் காதுலயா கட்டுறே? பன்னியோட காதுல கட்டுறே. அது உன்னைப் பார்த்து நின்னா அதோட இடது அந்தப் பக்கம். பன்னிக்காரங்க வீட்டுல பொறந்திருந்தா உனக்குத் தெரியும்."

ஐவி அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு பையைத் திறந்து நகலை எடுத்தாள். படத்துப் பன்றி அவளை நேராகப் பார்த்தது. தாளின் இடது பக்கத்துக் காது பன்றிக்கு வலது காது. வலது காதில் அரைவட்டம் என்றால் அது லம்பர்ட் வீட்டுப் பன்றி.

"மேபல், உங்க தாத்தாவோட தாத்தாவோட தாத்தா அவர் பன்னியைத்தான் அவர் பட்டியில வெச்சிருந்தார்" என்றாள்.

மேபலின் கை தளர்ந்தது. குட்டி ரிப்பனோடு சேற்றுக்குள் பாய்ந்தது. அதைப் பிடிக்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

இருவரும் சேறும் சகதியுமாகப் பதிவு அறைக்கு ஓடினார்கள். க்விம்பி அவர்களை வாசலிலேயே நிறுத்தி, அவர்கள் கேட்டபடி மற்றப் பன்றிப் படங்களை அவரே புரட்டிப் பார்த்தார். ஸ்பாரோக் விதவையின் பன்றிக்கு இடது காது நுனி வெட்டு என்று எழுதியிருந்தது. படத்தில் வெட்டு தாளின் வலது பக்கம். இன்னும் மூன்று படங்களும் அப்படியே. எழுத்தர் பன்றியின் காதைத்தான் கணக்கில் வைத்திருந்தார். வரலாறு எழுதியவர்தான் தன் காதைக் கணக்கில் வைத்துவிட்டார்.

க்விம்பி கண்ணாடியைக் கழற்றினார். "முப்பத்தொரு வருஷமா மணி அடிச்சிருக்கேன்" என்று மெல்லச் சொன்னார். பிறகு பக்கங்களை முன்னும் பின்னும் திருப்பியவர், 1672ஆம் வருடத்தில் ஒரு வரியின்மேல் விரலை வைத்து ஐவியைக் கூப்பிட்டார். ஐவி எட்டி நின்று படித்தாள். படித்ததைக் குறித்துக்கொண்டாள்.

மேபல் குதித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். ஐவி நடந்து போனாள். மேடையில் இதைச் சொன்னால் ஊரே யாரைப் பார்க்கும்? அப்பாவைப் பார்க்கும். கடையின் கல்லாப்பெட்டிக்கு மேலே மூப்பரின் படத்தை மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் அவர் பெருமையைச் சொல்கிறவர் அப்பா. சொல்லாவிட்டால் மேபல் நனைவாள், கிறிஸ்துமஸ் வரை உறுமல் கேட்பாள். மேடையில் சொல்வதற்கு முன் அப்பாவிடம் சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று அவளுக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை. அப்பா பான்கேக்கின் மேல் மேப்பிள் பாகு ஊற்றிக்கொண்டிருந்தார். ஐவி நகலைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"அப்ப நம்ம மூப்பர் பொய் சொன்னாருங்கறியா?" அப்பாவின் புருவம் ஏறியது.

"இல்லப்பா. அவர் பன்னி காணாமப்போச்சு. தேடினார். தப்பா நினைச்சுட்டார். ஆனா அடுத்த வருஷம் பன்னிக் காவலுக்கு ஜாப் லம்பர்ட் பேரைச் சொன்னது யார் தெரியுமா? எபனேசர் ஹாலட். ஊர்ப் புத்தகத்துலயே இருக்கு. 'என் பன்றிகளை இவரிடம் நம்பி விடுவேன்'னு எழுந்து நின்னு சொல்லியிருக்கார்."

அப்பா பாகுக் குப்பியை நிமிர்த்தவில்லை. பாகு தட்டிலிருந்து வழிந்து மேசைக்கு வந்தது.

"நாளைக்கு நான் சொல்லலாமாப்பா?"

"உன் சீட்டுல வந்த ஆளு. உண்மையைத்தானே சொல்லணும்" என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். பான்கேக்கை அவர் தொடவே இல்லை. ஐவிக்கு வயிற்றைப் பிசைந்தது. இந்த வயிற்றுவலி ஒட்டுவாரொட்டியோ என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை புல்வெளியில் நிற்க இடமில்லை. மேபல் துணிப்பன்றியோடு ஓரத்தில் நின்றாள். ஆறு வாளிகளில் ஸ்பாஞ்சுகள் ஊறிக்கொண்டிருந்தன. ஐவி கறுப்புத் தொப்பி போட்டுக்கொண்டு மேடையேறினாள். தொப்பி மூக்குவரை இறங்கியது.

"என் பேரு ஜாப் லம்பர்ட். நான் கோடரியும் சட்டியும் ரெண்டு பன்னியும் கொண்டுவந்தேன்" என்று ஆரம்பித்தாள். வேலியைச் சொன்னாள். போன கால்விரலைச் சொன்னாள். பிறகு பெரிதாக வரைந்த பன்றிப் படத்தைத் தூக்கிக் காட்டி, "இதோட இடது காது எதுன்னு கையைக் காட்டுங்க" என்றாள்.

ஊரே கையை நீட்டியது. பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். ஒருவரையொருவர் பார்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கைகள் பக்கம் மாறின.

ஐவி மீதியைச் சொன்னாள். மூப்பர் எழுந்து நின்று சொன்னதையும் சொன்னாள். சொல்லும்போது அப்பா நின்ற பக்கம் அவள் பார்க்கவே இல்லை. ஆனாலும் ஒரு வார்த்தையையும் விடவில்லை.

யாரும் கை தட்டவில்லை.

"அப்ப இந்த ஸ்பாஞ்சையெல்லாம் என்ன பண்றது? ஆறு வாளி நனைச்சு வெச்சிருக்கு" என்றார் ரொட்டிக் கடைக்காரர்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரூஃபஸ் ஹாலட் முன்னால் வந்தார். அவர் கையில் முதல் ஸ்பாஞ்சு சொட்டிக்கொண்டிருந்தது. சட்டைக் கையை மடித்து விட்டிருந்தார்.

அவர் நேராக மேபலிடம் போனார். துணிப்பன்றியை வாங்கிக்கொண்டு, ஸ்பாஞ்சை அவள் கையில் கொடுத்தார். பிறகு மேடையேறி, தொழுமரத்துக்குள் தன் கழுத்தை நீட்டினார்.

"மூப்பர் தன் தப்பைச் சரி பண்ணிட்டுத்தான் போயிருக்கார். அதுக்கப்புறம் எறிஞ்சது பூரா நாங்கதான்" என்றார். "க்விம்பி, மூடுங்க."

க்விம்பி பலகையை மூடினார்.

"மாமா, நிஜமாவே எறியட்டுமா?" என்றாள் மேபல்.

"சீக்கிரம் எறிம்மா. கழுத்து வலிக்குது."

மேபல் ஐவியைப் பார்த்தாள். ஐவி தலையை ஆட்டியதில் தொப்பி கழன்று விழுந்தது. ஸ்பாஞ்சு பறந்து போய் ரூஃபஸ் ஹாலட்டின் மூக்கிலேயே சப்பென்று உட்கார்ந்தது. முதலில் சிரித்தது அவர்தான். பிறகு சிரிக்காதவர் புல்வெளியில் ஒருவரும் இல்லை. ரொட்டிக் கடைக்காரர் இரண்டாவது ஸ்பாஞ்சைக் கையில் எடுத்தார்.

அன்று மாலை ஹாலட் வீட்டுக் கொடியில் ஒரு பெரிய சட்டை தரையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. லம்பர்ட் வீட்டுக் கொடியில் காயப்போட ஒன்றுமே இல்லை.