நாலு மணி பாட்டில்

பாட்டிலைத் திறந்ததும் வெட்டிவேர் மணத்தது.

ஷமீரா மறுபடியும் மோந்து பார்த்தாள். நகராட்சிக் கழிவுநீர் நிலையத்தில் சுத்தமாகி ஆற்றுக்குப் போகிற நீரைத் தினமும் நாலு மணிக்கு ஒரு பாட்டிலில் பிடித்து வருவது ஆபரேட்டர் ரெத்தினத்தின் வேலை. அதைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவளுடைய வேலை. ஊர் முழுக்கக் கழித்த நீரில் வெட்டிவேர் எங்கிருந்து வரும்? ரெத்தினத்தின் அறைக்குப் போனாள். மூலையில் அவர் குடிக்கிற மண்பானை. மூடியைத் தூக்கினாள். அடியில் புதிதாகப் போட்ட வேர்க்கட்டு கிடந்தது.

மூடியைத் திரும்ப வைத்தாள். கணவன் ஃபஹத் சவுதியில் தம்மாமுக்கு வேலைக்குப் போன பிறகு, பிள்ளையோடு தனியாக நின்றவளுக்கு ஒப்பந்தக்காரரிடம் பேசி இந்த வேலையை வாங்கித் தந்தவர் ரெத்தினம். நோன்பு மாதத்தில் அவள் எதிரே ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அந்த மனிதரின் பானைத் தண்ணீரையா இரண்டு வருடமாகச் சோதித்தாள்? அந்தச் சோதனை எண்களைக் காட்டித்தான் போன மாதம் ஆற்றில் கீழே படித்துறையைக் குளிக்கத் திறந்துவிட்டார்கள். மகளிடமும் அவளே சொல்லியிருந்தாள்: "பயப்படாமக் குளி ஷமா. உம்மா பாத்த தண்ணிதான்."

சுவருக்கு அந்தப் பக்கம், கழிவுநீருக்குள் காற்றடித்துச் சுத்தமாக்குகிற மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. தாழ்ந்த, ஈரமான, இழுத்து இழுத்து விடுகிற சத்தம். மேசையில் தலை சாய்த்தால் மரத்தின் வழியே காதுக்குள் இறங்கி, தூங்குகிற பிள்ளையின் மூச்சுபோல அவளுக்குப் பழகிப்போன சத்தம். அது ஒன்றாவது உண்மையாக ஓடுகிறதே என்று நினைத்துக்கொண்டு மோட்டார் அறையின் தாழ்ப்பாளை இழுத்தாள். துரு உதிர்ந்தது.

உள்ளே மோட்டார் இல்லை.

சிமெண்ட் மேடையில் நாலு போல்ட்டுகள் மட்டும் நின்றன. அவற்றுக்கிடையே சிலந்தி வலை. சத்தம் நிற்கவில்லை.

"ஏம்மா இதத் தொறந்தீங்க?" பின்னால் ரெத்தினம் நின்றார்.

"மோட்டார் எங்கண்ணே?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே ரிப்பேருன்னு கழட்டிட்டுப் போனான் கம்பெனிக்காரன். திரும்பி வரல. சாக்கடை வந்தது வந்தபடியே ஆத்துக்குப் போவுது."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா எழுதுவீங்க. எழுதினா உங்க வேலையும் போவும், என் வேலையும் போவும். அவனுங்களுக்கு உங்க கையெழுத்துதாம்மா வேணும். தண்ணியா வேணும்?"

அவர் முகத்தில் வெட்கம் இருக்கிறதா என்று தேடினாள். களைப்புதான் இருந்தது.

"அப்ப இந்தச் சத்தம்?"

ரெத்தினம் காலி மேடையைப் பார்த்தார். "உங்களுக்கும் கேக்குதா?" என்றார். "எனக்கு மட்டுந்தான்னு இருந்தேன்."

வாசலில் அவள் செருப்பு கிடந்தது. போட்டுக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் விட்டிருக்கும். ஷமா நேரே படித்துறைக்குத்தான் போவாள்.

கரையோடு ஓடினாள். சத்தமும் கூடவே வந்தது, மண்ணுக்கடியில், குழாய் போகிற வழியாக. உள்ளங்காலில் அதிர்ந்தது. குழாய் முடிகிற இடத்தில் நீர் கறுப்பாகக் கொட்டியது. அங்கே காலடியில் சத்தம் இல்லை. ஆற்றோடு முன்னால் போய், படித்துறைப் பக்கமிருந்து கேட்டது.

படித்துறையில் சாய்ந்த வெயில். மேல்படியில் ஒரு புத்தகப்பை. வேறு யாரும் இல்லை.

ஷமா இடுப்பளவு நீரில் முதுகு காட்டி நின்றாள். ஆகாயத்தாமரை ஒன்று அவளைக் கடந்து கிழக்கே மிதந்து போனது. ஆறு ஓடியது. அவளைச் சுற்றியிருந்த கறுப்பு மட்டும் ஓடவில்லை. நின்றது. மெல்ல உப்பியது. தணிந்தது. உப்பியது.

"ஷமா! மேல வாடி!"

சத்தம் நின்றது.

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அது நின்றது. அந்த அமைதியில் ஷமா திரும்பினாள். சிரித்தாள். கறுப்பு அவள் மார்புவரை ஏறியிருந்தது. "உம்மா" என்று கூப்பிட வாயைத் திறந்தாள்.

அந்தச் சின்ன வாய்க்குள்ளிருந்து மோட்டார் ஓடத் தொடங்கியது.