ஏலக்காய் மெஷின் யாருடையது?

'ட்ரிங்... ட்ரிங்...!'

போடி பஜாரின் ஏலக்காய்க் கமிஷன் கடையில் டெலிபோன் அலறியது.

முதலாளி சுயம்புலிங்கம் ரிசீவரை எடுத்தார்.

"அண்ணே... மலையம்மா பேசுறேன்!" அழுகை. "ஒங்க சேக்காளிய ஆரோ மண்டையில அடிச்சிட்டாகண்ணே! பட்டறையில ரத்தமாக் கெடந்தாக... தேனி ஆஸ்பத்திரிக்கு ஒடனே வாங்கண்ணே!"

"உ... உசிரு?"

"இருக்குண்ணே!"

இருக்கிறதா?!

சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அடித்தவர் அவரேதான்!

மலையம்மாளின் புருஷன் மொக்கைச்சாமிக்குத் தேனியில் வெல்டிங் பட்டறை. சுயம்புலிங்கத்தோடு ஒரே பெஞ்சில் படித்தவன். பாதி விறகில், பச்சை மாறாமல் ஏலக்காயை உலர்த்த ஒரு மெஷின் கண்டுபிடித்தான்.

"எனக்கு இங்கிலீசு ஓடாது. நீயே மெட்ராஸ் போயி பேட்டண்ட் பதிஞ்சிட்டு வாலே" என்று வரைபடத்தைக் கொடுத்தான்.

பதிந்தார்... கண்டுபிடித்தவர் என்று தன் பெயரைப் போட்டு!

பேட்டண்ட் என்கிற காப்புரிமை கிடைத்தது. இனி அவர் அனுமதியில்லாமல் யாரும் அதைச் செய்து விற்க முடியாது. ஒரு கம்பெனி அனுமதி வாங்கியது. விற்கும் மெஷின் ஒவ்வொன்றுக்கும் அவருக்கு ராயல்டி!

மொக்கைச்சாமியிடம் மட்டும், "ஆபீசுல இழுத்தடிக்கிறாகப்பா" என்றே சொல்லி வந்தார்.

இன்று காலை அவனிடமிருந்து ஆள் வந்தது. பேட்டண்ட் விஷயம். அவசரம்!

தெரிந்துவிட்டது... கோர்ட்டுக்கு இழுப்பான்!

பட்டறைக்குப் பறந்தார். "வாலே சுயம்பு" என்று சிரித்துவிட்டு, உட்கார ஸ்டூல் எடுக்கத் திரும்பினான் மொக்கைச்சாமி.

இரும்புக் குழாய் இறங்கியது!

ஆஸ்பத்திரி.

மலையம்மாள் ஓடிவந்து காலில் விழுந்தாள். "எங்களுக்கு ஒங்கள விட்டா ஆருண்ணே இருக்காக?"

கால் கூசியது. பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் ஞானசிகாமணி கட்டிலருகே குனிந்தார். "அடிச்சது யாருப்பா?"

தலையில் கட்டோடு கிடந்த மொக்கைச்சாமி மெல்லக் கண் திறந்தான். சுயம்புலிங்கத்தையே பார்த்தான்.

"ஆரும் அடிக்கலங்கய்யா... வழுக்கி விழுந்துட்டேன்."

கை நீட்டிக் காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இந்தப் பொய்யைத் தாங்க முடியவில்லை. தரை பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது.

"பொய்யி! நாந்தேன் அடிச்சேன்... மெஷினத் திருடுனதும் நாந்தேன்!"

எல்லாவற்றையும் கொட்டினார். மலையம்மாள் அவரைப் பார்க்கவேயில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள்.

"கிறுக்குப் பயலே..." மொக்கைச்சாமி முனகினான். "நேத்து கம்பெனி வக்கீல் வந்தாரு. பேட்டண்ட் ஒம் பேருல இருக்குன்னு அவரு சொல்லித்தேன் தெரியும். வயிறு எரிஞ்சுச்சு..."

"மொக்கை..."

"கேளுலே! நீ பதியுறதுக்கு முந்தியே சின்னமனூர் சந்தையில நான் மெஷின ஓட்டிக் காமிச்சேன். அப்பிடி ஊரே பாத்ததுக்கு பேட்டண்ட் செல்லாதாம்! ராயல்டி குடுக்க வேணாமுன்னு கம்பெனிக்காரகளே ரத்து பண்ண கேஸ் போடுறாக. ராயல்டி ஒனக்கும் கெடையாது, எனக்கும் கெடையாது. கோர்ட்டுல போயி நீ அசிங்கப்படக் கூடாதேன்னு சொல்லத்தாம்லே கூப்பிட்டேன்!"

செல்லாத ஒரு காகிதத்துக்காகவா?!

சுயம்புலிங்கம் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

அந்தக் கைகளை விலக்கி விலங்கை மாட்டினார் இன்ஸ்பெக்டர்.

"அழாதேய்யா... காப்புரிமைதான போச்சு? காப்பு நான் போட்டு விடுறேன்!"