உடம்பில் கம்பி உள்ளவர்கள்

காலை ஏழு பத்துக்கு டம்ளர் பறந்து வந்தது. அவள் குனிந்தாள். டம்ளர் சுவரில் மோதியது. சூடான பால் முழுவதும் அவள் முதுகில்.

பக்கவாதத்தில் அவள் கணவன் மேஸ்திரிக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. இடது கைக்கு ஆத்திரம் வந்த அளவுக்குக் குறி வரவில்லை.

"அவனுக்குக் கோபம் வராதா?" என்றாள், தம்பியைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த நாத்தனார். "ஆஸ்பத்திரியில மெஷின் வைக்கிறப்ப ஒரு நாளாவது பக்கத்துல நின்னியா? யாரோ மூணாம் மனுஷி மாதிரி வாசல்லயே நிக்கிற."

"தூக்கிட்டுப் போறது நான்தானே, அண்ணி."

"தூக்குவ... நாலு பேர் பாக்கணும்ல. அவன் எழுந்து நடந்துட்டா உனக்கு ஆகாது. அதான்."

அவள் புடவையை மாற்றிக்கொண்டு, கணவனின் பாரத்தைத் தோளில் வாங்கிப் படி இறங்கினாள்.

சிகிச்சை அறையில் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். காந்தச் சுருளை முதுகுத்தண்டின் அடியில் வைத்தாள் டெக்னீஷியன். டக் டக்கென்று மெஷின் அடித்தது. செத்துக் கிடந்த கால் ஒவ்வொரு அடிக்கும் உதறியது.

நாத்தனார் வாசலுக்கு வந்து, வெளியே நின்றிருந்த தம்பி மனைவியின் முடியைக் கொத்தாகப் பிடித்தாள்.

"இன்னிக்கு உள்ள வந்துதான் ஆகணும்டி நீ."

இழுத்த வேகத்தில் நெற்றி கதவு நிலையில் மோதிப் பிளந்தது.

டெக்னீஷியன் மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள். "விடுங்கம்மா அவங்கள. உடம்புல கம்பி வச்சவங்க இதுகிட்ட வரக் கூடாது. வெளிய நிக்கச் சொன்னதே நான்தான்."

பிடி தளர்ந்தது. "கம்பியா... பாத்ரூம்ல வழுக்கி விழுந்து சுளுக்குன்னுதானே சொன்ன?"

அவள் ரவிக்கையின் நீளக் கையைச் சுருட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தழும்பு.

"வழுக்கல, அண்ணி. மண்வெட்டிக் காம்பு. மண்டையில விழ வேண்டியது. கையைக் குறுக்க வச்சேன்."

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் நேராகப் போய் அவன் கன்னத்தில் அறைந்தாள். இன்னொன்றும் அறைந்தாள். திரும்பி வந்து, தம்பி மனைவியின் நெற்றி ரத்தத்தைத் தன் முந்தானையால் அழுத்திப் பிடித்து, அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"பாவி... எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா..."

மெஷின் மறுபடி அடிக்கத் தொடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து டெக்னீஷியன் அதை நிறுத்தி, காலை ஆட்டச் சொன்னாள். மேஸ்திரி பல்லைக் கடித்தான். மெஷின் அடிக்காமலே கால் மெத்தையைவிட்டு மேலே எழும்பியது.

"பாருங்க, பலம் வந்துட்டு இருக்கு," என்றாள் டெக்னீஷியன்.

வாசலிலேயே நின்ற அவள், நாத்தனாரின் தோளுக்கு மேலாக அந்தக் காலையே பார்த்தாள்.

"அண்ணி... அவர் எழுந்து நடக்கிற அன்னிக்கு நீங்க வீட்டுல இருப்பீங்களா?"