மரத்தடிக்கு வந்த மஞ்சள் கட்டங்கள்

எதிர்வீட்டுப் பெரியம்மா முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். வயது எழுபத்திரண்டு. யாராவது "பாட்டி" என்று கூப்பிட்டால் ஹாரன் அடிப்பார்.

இப்போது அவரிடம் இருப்பது தவளை மாதிரி ஒரு பச்சைக் கார். ஓட்டும்போது மிடுக்குக் குறையவில்லை. இறங்கி நடந்தால்தான் வலது முட்டி மக்கர் செய்யும்.

சனிக்கிழமைதோறும் ஏன்குட்டியையும் ஏற்றிக்கொண்டு நூலகம் போவார். ஏன்குட்டிக்குப் பத்து வயது. எதற்கெடுத்தாலும் "ஏன்?" என்று கேட்டால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

அன்று நூலகத்தில் வண்டி நிறுத்துமிடம் புதிதாக மாறியிருந்தது. எல்லோருக்கும் கட்டணம். எழுபது வயது தாண்டிய ஓட்டுநர்களுக்கு மட்டும் இலவசம். பத்து மஞ்சள் கட்டங்கள் தனியாக.

பெரியம்மா வழக்கம்போல வாசல் மரத்தடியில் நிறுத்தினார்.

"பீப்ப்ப்!"

காவலர் விசில் அண்ணன் ஓடி வந்தார். "பெரியம்மா, இது காசு கட்டுற இடம். உங்களுக்கு ஃப்ரீ அதோ, கடைசியில."

கடைசி என்றால் பின்சுவர் ஓரம், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில்.

"அங்கேருந்து நான் நடந்து வர்றதுக்குள்ள நூலகத்தையே பூட்டிடுவாங்க தம்பி!"

"அப்ப காசு கட்டுங்க."

"எனக்குன்னு குடுத்த இடத்தை விட்டுட்டு நான் எதுக்குக் கட்டணும்?"

தவளை கடைசிக்குப் போனது. திரும்பி நடக்கையில் பெரியம்மா ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொரு முறை யாருடைய சிவப்புக் காரிலோ சாய்ந்தார். அது ஊரைக் கூட்டிக் கத்தியது.

ஒருவழியாக வாசல்படியில் உட்கார்ந்தார்.

"போதும்டா குட்டி. அடுத்த வாரம் காரை வித்துடறேன்."

ஏன்குட்டிக்குத் திக்கென்றது. கார் போனால் பெரியம்மா வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுவார். இலவசமாம் இலவசம்! நடக்க முடியாதவருக்குக் கடைசி இடம் கொடுப்பது என்ன நியாயம்?

விறுவிறுவென்று காவலர் அறைக்குப் போனாள்.

"ஏன் அண்ணா மஞ்சள் கட்டத்தை அங்க போட்டீங்க?"

"நானா போட்டேன்? மேலதிகாரி அம்மா வரைஞ்சு, கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. நான் இங்க மாட்டினேன். பெயின்டர் பாத்துப் போட்டார். என் மேல தப்பே இல்ல."

சுவரில் அந்த வரைபடம் தொங்கியது. மஞ்சள் கட்டங்கள் கடைசியில்தான் இருந்தன. பக்கத்தில் ஒரு வட்டம்.

"இது என்ன?"

"குப்பைத் தொட்டி."

"குப்பைத் தொட்டிக்கு இலை முளைக்குமா அண்ணா?"

அவர் உற்றுப் பார்த்தார். வட்டத்தைச் சுற்றிக் குட்டிக் குட்டி இலைகள்.

"அப்புறம், இந்த எழுத்தெல்லாம் ஏன் தலைகீழா நிக்குது?"

"கட்டத்தைத்தானே பாக்கணும்? எழுத்தை யாரு படிச்சா!"

ஏன்குட்டி ஆணியிலிருந்து படத்தைக் கழற்றித் திருப்பினாள். மரம் வாசலுக்கு வந்தது. மஞ்சள் கட்டங்களும் கூடவே வந்தன.

அண்ணன் வாயிலிருந்து விசில் விழுந்தது.

"ஐயையோ! இதை மாத்த மறுபடி கையெழுத்து வாங்கணுமே! மாசக்கணக்கா ஆகுமே!"

"எதுக்கு? கையெழுத்து இதோ இருக்கே. அவங்க சரியாத்தான் போட்டாங்க. நீங்கதான் அவங்களைத் தலைகீழா தொங்க விட்டிருக்கீங்க."

அண்ணன் போன் செய்தார். பேசப் பேச போனைக் காதிலிருந்து தள்ளித் தள்ளிப் பிடித்தார்.

"என்ன சொன்னாங்க?"

"பாதி சின்னப் பிள்ளைங்க கேக்கக் கூடாது. மீதி, இந்த வாரமே மாத்தச் சொன்னாங்க."

பெரியம்மாவிடம் ஓடி வந்து சொன்னாள். அவர் சிரித்த சிரிப்பில் சிவப்புக் கார் மறுபடி கத்தாதது ஆச்சரியம்தான்.

"அப்ப கார்?" என்றாள் ஏன்குட்டி.

"எந்தக் கார்? யாரு விக்கிறா?"

அடுத்த சனிக்கிழமை மரத்தடியில் மஞ்சள் பளபளத்தது. சிவப்புக் காரின் சொந்தக்காரர் கடைசியிலிருந்து மூச்சு வாங்க நடந்து வந்தார். இளவட்டம்தான், நடக்கட்டும்.

பெரியம்மா தவளையைப் பின்னோக்கி எடுத்தார்.

"லெஃப்ட்ல ஒடிங்க, லெஃப்ட்ல ஒடிங்க!" என்றார் விசில் அண்ணன்.

"தம்பி, நான் பஸ்ஸையே ஒரே மடக்குல விட்டவ. நீ படத்தை நேரா மாட்டிட்டியா, அதைச் சொல்லு."

"நாலு மூலையிலயும் ஆணி அடிச்சுட்டேன் பெரியம்மா!"