மூன்று நாள், ஒரே கட்டைவிரல்

"என் வீட்டை நானே வித்துட்டேனாம் சார். எனக்கே நேத்துதான் தெரியும்!"

தையற்காரம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கடையில் போட்டது போட்டபடி ஓடி வந்திருந்தார். எதிரே இருந்தவர் காவல்துறையின் கைரேகைப் பிரிவில் தலைநரைக்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு அவர் ரேகைக்காரர். அவருடைய மைத்துனனுக்கு நாற்பது தாண்டியும் அவசரம் குறையவில்லை. விஷயம் என்னவென்று கேட்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றான்.

விஷயம் இதுதான். எல்லோருக்கும் ஓர் அடையாள எண், அதற்குச் சாவியாக அவரவர் விரல். பதிவு அலுவலகத்துக்குப் போகாமலே, எங்கிருந்தும் ஒரு கருவியில் விரல் வைத்து வீட்டை விற்கலாம், வாங்கலாம். அப்படி மூன்று வெவ்வேறு நாட்களில் தையற்காரம்மாவின் வலது கட்டைவிரல் சம்மதம் சொல்லி, வீடு ஒரு தரகர் பெயருக்கு மாறிவிட்டது. வாரக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

"அதிகாரிகிட்ட அழுதேன் சார். 'விரல் பொய் சொல்லாதும்மா'ன்னு இதைக் கையில திணிச்சு அனுப்பிட்டாரு" என்று மூன்று ரேகைப் படங்களை நீட்டினார்.

"கட்டைவிரல்ல என்னம்மா கட்டு? காயமா?" என்றான் மைத்துனன்.

"ஐயோ, நூல் தம்பி. பிரிச்ச நூலைக் கீழ போட்டா மிஷின் சக்கரத்துல சிக்கிக்கும். விரல்லயே சுத்திப்பேன். கடையை விட்டு எழுந்தா குப்பையில போட்டுடுவேன். இன்னிக்கு இருந்த பதட்டத்துல மறந்துட்டேன்."

"இதுவரைக்கும் எங்கெல்லாம் விரல் வச்சிருக்கீங்க?" என்று கேட்டார் ரேகைக்காரர்.

"எங்கதான் வைக்கல? பேங்க், ஆஸ்பத்திரி... சிம் மாத்தணும்னு போன் கடைக்காரர் என் கடைக்கே வந்தாரு, அவர்கிட்ட வச்சேன். என் கொழுந்தனார் வீட்டுக்குக் கரண்ட் இணைப்பு வாங்கக்கூட ஆபீஸ் ஆபீஸா வச்சேன்."

"கொழுந்தனா! அத்தான், ஆள் கிடைச்சாச்சு!" மைத்துனன் துள்ளினான். "அண்ணி தூங்கும்போது விரலை எடுத்து வச்சிருப்பான்."

ரேகைக்காரர் மூன்று படங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். அமைதியான மனிதர்தான், ஆனால் திரும்பியபோது அவர் முகம் சிவந்திருந்தது.

மறுநாள் பதிவு அதிகாரியின் அறையில், ரேகைக்காரர் வரவழைத்த கொழுந்தனும் போன் கடைக்காரரும் தையற்காரம்மாவோடு உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"விரல் பொய் சொல்லாதுன்னீங்களாமே. சரிதான்" என்று ஆரம்பித்தார் ரேகைக்காரர். "ஆனா உயிருள்ள விரல் ரெண்டு தடவை ஒரே மாதிரி விழாது. கொஞ்சம் சாயும், கொஞ்சம் கூடுதலா அழுந்தும். இந்த மூணும் வேற வேற நாள்ல வச்சது. வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. ஒரு மயிரிழைகூட விலகல. இது மூணு தடவை வச்ச விரல் இல்ல. ஒரே தடவை வச்ச விரலோட படம். அதை மூணு தடவை அனுப்பியிருக்காங்க."

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"குறுக்கே ரெண்டு வெள்ளைக் கோடு தெரியுதா? நூல். இந்தம்மா வேலையில உட்கார்ந்திருக்கும்போது மட்டும் விரல்ல இருக்கிற நூல். தூங்கும்போது இருக்காது, அதனால கொழுந்தனார் இல்ல. பேங்க்லயும் ஆஸ்பத்திரியிலயும் கரண்ட் ஆபீஸ்லயும் இருக்காது. அம்மா, போன் கடைக்காரர் வந்தப்போ என்ன நடந்துச்சு?"

"தைச்சுக்கிட்டே வச்சேன். 'சரியா விழல, நூலை எடுத்துட்டு இன்னொரு தடவை வைங்க அக்கா'ன்னாரு..." தையற்காரம்மா சட்டென்று நிறுத்திவிட்டு, போன் கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

"முதல் தடவையே நல்லாத்தான் விழுந்திருக்கு" என்றார் ரேகைக்காரர். "ரெண்டாவது சிம்முக்கு. முதலாவது யாருக்கு, தம்பி?"

போன் கடைக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. "நான் வீட்டை விக்கல சார். தரகர் கேட்டாரு, ரேகையை மட்டும்தான் குடுத்தேன்."

"மட்டும்தானா?" ரேகைக்காரர் மேசையில் ஓங்கித் தட்டினார். மைத்துனனே எழுந்து நின்றுவிட்டான். "பூட்டு போனா மாத்தலாம், சாவி போனா மாத்தலாம். இந்தம்மா கட்டைவிரலை எந்தக் கடையில மாத்துவாங்க? நீங்களும்தான் சார்! ஒரே படம் மூணு தடவை வந்திருக்கு, உங்க மெஷின் வாயைத் திறக்கல. வீடு போன மனுஷி வாயைத் திறந்தா, பொய் சொல்றாங்கன்னு துரத்தியிருக்கீங்க!"

அதிகாரி இருமினார். "இந்த ஒரு கேஸ்ல கொஞ்சம் தவறு நடந்திருக்கு, ஒத்துக்கறேன்" என்று இழுத்தார். காவல் நிலையத்துக்கு ஆள் அனுப்பினார். போலீஸ் வந்து போன் கடைக்காரரை அழைத்துப் போனதும் அதிகாரியின் குரலில் தேன் ஒழுகியது. "கவலைப்படாதீங்கம்மா. விற்பனையை ரத்து செஞ்சு இப்பவே உங்க பேருக்கு மாத்திடறேன்."

தையற்காரம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டார். இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

அதிகாரி கருவியைத் துடைத்து அவர் பக்கம் தள்ளினார். "நீங்கதான்னு உறுதி பண்ணணும். கட்டைவிரலை இங்க வைங்கம்மா."



தையற்காரம்மா கருவியைப் பார்த்தார். அதிகாரியைப் பார்த்தார். வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு இடது கையை நீட்டினார்.

"பேனா குடுங்க சார். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்."