பாணனைத் தொடாதே, அக்கா

அந்த வீட்டுக்கு நாங்கள் குடிபோனதற்கு ஒரே காரணம், மருத்துவமனை மூன்று தெரு தள்ளி இருந்ததுதான். மற்றபடி அது ஆசைப்பட்டுப் போகிற வீடு இல்லை. முன்னால் ஒரு கூடம், பக்கத்தில் சமையலறை, பின்னால் ஜன்னலே இல்லாத ஓர் அறை. நல்ல வெயில் நேரத்திலும் கூடத்தில் விளக்குப் போட வேண்டும். பின்னறையில் ஈரத்துணி கருகினாற்போல ஒரு வாடை நின்றது. கதவைத் திறந்து வைத்தாலும் போகவில்லை, மூடி வைத்தாலும் போகவில்லை.

தம்பிக்கு அப்போது இருபத்து நான்கு வயது. இதயத் தசை தளர்ந்து, இதயம் வீங்கிப் போயிருந்தது. நான் அதே மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள். அவன் நெஞ்சைப் படம் எடுத்ததும் நான்தான். பாதி நெஞ்சுக்கூட்டை அடைத்துக்கொண்டு வெள்ளையாகக் கிடந்தது இதயம். மாற்று இதயத்துக்குப் பெயர் பதிந்திருந்தோம். "காத்திருங்க" என்றார் டாக்டர். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அவர் மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார். அவனைச் சாகவிடக் கூடாது என்பதைத் தவிர அதற்குப் பிறகு என் மண்டையில் வேறு எதுவும் ஏறவில்லை.

அப்பா பஸ் ஓட்டுகிறவர். விடியுமுன் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். எனக்குக் காலை ஷிப்ட். இரண்டு மணிக்கு வீடு திரும்பி, மதியம் முழுக்கத் தம்பியோடு இருப்பேன்.

வந்த மூன்றாம் நாள் பின்னறை அலமாரியைத் துடைக்கும்போது அந்த கேம் பெட்டி கிடைத்தது. பழைய மாடல். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப் போனது. வீட்டுக்கார அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"வேணும்னா வச்சுக்கங்க. வேணாம்னா தூக்கிப் போடுங்க. என்கிட்ட மட்டும் குடுக்காதீங்க," என்றார் அவர். கையைக்கூட நீட்டவில்லை.

எங்களுக்குக் கொண்டாட்டம்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து இந்தப் பைத்தியம் எங்கள் இரண்டு பேருக்கும் உண்டு.

வாள், மந்திரம், பூதம் என்று போகிற ஆட்டம் அது. நான்கு பேர் கொண்ட குழுவை நாமே உருவாக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு கிளாஸ்: வீரன், வில்லாளி, மந்திரவாதி, வைத்தியன், பாணன். பிறகு உடல், வேகம், பார்வை, பேச்சு, நினைவு என்ற ஐந்து குணங்களுக்கும் புள்ளிகளைப் பங்கிட வேண்டும். அதற்குப் பெயர்தான் பில்டு. மற்ற ஆட்டங்களில் ஆளாளுக்குத் தனித்தனியாகப் புள்ளிகள் இருக்கும். இதில் குழு முழுவதற்கும் ஒரே குவியல். ஒருவருக்குக் கூட்ட வேண்டுமானால் இன்னொருவரிடமிருந்து எடுத்தாக வேண்டும்.

"இது கேம் இல்லக்கா... கூட்டுக் குடும்பம்," என்றான் தம்பி.

முதல் மூன்று இடங்கள் காலி. நான்காவதில் ஏற்கெனவே ஓர் ஆள் நின்றது. முதுகைக் காட்டிக்கொண்டு, சாம்பல் நிறத்தில். பெயர் இல்லை, கிளாஸ் இல்லை, ஐந்து குணங்களிலும் பூஜ்யம். அழித்துப் பார்த்தேன். அழியவில்லை.

"விடுக்கா. சும்மாதானே... நிக்கிறாரு. நின்னுட்டுப் போகட்டும்."

எந்த ஆட்டமானாலும் குழுவில் நாங்களே இருப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அப்பா எப்போதும் வீரன். நான் வில்லாளி. தம்பி பாணன். பாணனால் ஒரு பூதத்தையும் கொல்ல முடியாது. யாழை மீட்டுவான், கதை அளப்பான், காவல்காரனைச் சிரிக்கவைத்து வழி வாங்குவான். கையில் இருக்கிற புள்ளியை எல்லாம் தம்பி பேச்சிலும் நினைவிலும் கொட்டுவான். முதல் சண்டையிலேயே செத்து விழுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் கறார் பேர்வழி. ஒன்றில் கொண்டுபோய்க் குவி, வேண்டாததைக் கை கழுவு. இதுதான் என் பில்டு. உருப்படியாக ஆடத் தெரிந்த எவரும் முதலில் பேச்சில்தான் கை வைப்பார்கள்.

"பேச்சு எதுக்குடா? பூதம் உன் கதையைக் கேக்கவா வருது?"

"எல்லாத்தையும் வெட்டிட்டு... யார்கூடப் பேசுவே?" நான்கு வார்த்தைக்கு ஒரு தடவை அவனுக்கு மூச்சு வாங்கும். "என் பாணனைத்... தொடாதேக்கா."

தொட்டேன். அவன் பேச்சை இல்லை, அப்பாவின் வேகத்தை. தம்பியின் உடல் மூன்றாகக் கிடந்தது, பார்க்கச் சகிக்கவில்லை. அப்பாவிடமிருந்து நான்கு எடுத்து அவனுக்குப் போட்டேன்.

அன்று சாயங்காலம் தம்பி சுவரைப் பிடிக்காமல் வாசல் வரை நடந்து போய்வந்தான். அப்பா வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "கால் சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது. பிரேக்கை மிதிக்கணும்னு நினைக்கிறேன். கால் அப்புறமாத்தான் போகுது," என்றார். வயசாகிறது என்று கேலி செய்தேன். மறுநாள் அவர் பஸ் விளக்குக் கம்பத்தில் மோதி நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை.

அதே நாள் தம்பியை எக்ஸ்ரே எடுத்தேன். இதயத்தின் நிழல் ஒரு விரல்கடை சுருங்கியிருந்தது.

படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது, வெட்கமில்லாத சந்தோஷம். வீட்டுக்கு ஓடினேன்.

அப்பாவுக்கு ஈடாக என் பார்வையை எடுத்தேன். நான்கு அப்பாவின் வேகத்துக்கு, நான்கு தம்பியின் உடலுக்கு. இரண்டு பேருக்கும் மூன்று மூன்றுதான் போய்ச் சேர்ந்தது. மிச்சம் எங்கே என்று பார்த்தேன். சாம்பல் உருவத்தின் பார்வையில் இரண்டு. அதன் வேகத்திலும் ஒன்று இருந்தது, முதல் நாளே எடுத்திருக்கிறது.

பார்த்தேன். பார்த்தும் விட்டுவிட்டேன். சண்டைக்கு வராத ஆளின் புள்ளிகளை எங்களைப் போல ஆடுகிறவர்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதற்குக் கண் இருக்கிறது, கால் இருக்கிறது, அதனால் என்ன என்று விட்டதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

என் இடது கண்ணில் பால் ஊற்றினாற்போல ஒரு படலம் விழுந்தது. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. தம்பி தானாகக் குளித்தான், தானாகச் சட்டை மாட்டினான். "டாக்டரை விட நீ... கெட்டிக்காரிக்கா," என்றான். அவனிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவனாகக் கண்டுபிடித்திருந்தான். பதினைந்து வருஷமாக என் பில்டுகளைப் பார்க்கிறவன் அவன்.

"போதும். இதோட நிறுத்திரு," என்றான் மெதுவாக. "அந்த ஆளைப் பாரு."

டிவியில் அது கொஞ்சம் திரும்பியிருந்தது. இப்போது ஒரு காது தெரிந்தது.

அந்த வாரம் மதிய நேரங்களில் பின்னறையிலிருந்து சத்தம் வரத் தொடங்கியது. பெரிய சத்தம் இல்லை. வெகுநேரம் நின்று கால் கடுத்தவர்கள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறுவார்களே, அந்த மாதிரி. எழுந்து போய்க் கதவைத் திறந்தால் இருட்டும் அலமாரியும்தான். கருகல் வாடை கூடத்துக்கு வந்துவிட்டது.

பெட்டியின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்தேன். தம்பி சொன்னதற்காக, ஒன்பது நாள் அதைத் தொடவில்லை.

பத்தாம் நாள் மூன்று மணிக்கு அவன் தண்ணீர் டம்ளரோடு கீழே விழுந்தான்.

உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். நெஞ்சை அழுத்தினேன். அழுத்திக்கொண்டே வாசலைப் பார்த்தேன். நான்கு நிமிடம் என்று சொல்லிக்கொண்டிருந்த தூரம் அன்றைக்கு எட்டு நிமிடமாகியும் முடியவில்லை. தெருமுனையில் லாரி ஒன்று குறுக்கே நின்றதாம். என் கைக்குக் கீழே அவன் நெஞ்சு அடங்கிக்கொண்டிருந்தது.

ஒயரைச் சொருகினேன்.

என்னிடமிருந்து எடுத்திருக்கலாம். என் உடல் இருந்தது, நினைவு இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை: அந்த நேரத்தில் வேலை செய்தது அக்காவின் கை இல்லை. பில்டு போடுகிறவளின் கை. வீணாகக் கிடக்கிறது பார், பேச்சு இருபது, நினைவு இருபது என்றுதான் என் கண்ணில் பட்டது. அப்படியே வழித்து அவன் உடலில் போட்டேன்.

டிவியில் ஒரு கேள்வி வந்தது. பாணன் இனி வீரன். உறுதியா?

அவன் கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக லேசாக ஆட்டினான்.

அழுத்தினேன்.

ஆம்புலன்ஸ்காரர்கள் உள்ளே வந்தபோது தம்பி கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தான். நிமிர்ந்து, தோளை விரித்து. நான்கு நாள் மருத்துவமனையில் வைத்துச் சோதித்தார்கள். இதயம் கல்லு மாதிரி இருக்கிறது என்றார் டாக்டர். பட்டியலிலிருந்து அவன் பெயரை அடித்தார்கள். வார்டு நர்சுகள் எனக்குக் கைகொடுத்தார்கள்.

அவன் பேசவில்லை. நான் யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. சாப்பாட்டை வைத்தால் சாப்பிட்டான், உட்காரச் சொன்னால் உட்கார்ந்தான். அப்பா கையைப் பிடித்தால் கையைக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்தான்.

"உசுரோட இருக்கான்ல. அது போதும்மா," என்றார் அப்பா. சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்திருப்பார்.

வீடு திரும்பிய மறுநாள் மதியம் பெட்டியைப் போட்டேன். அவன் உடலில் பாதியைத் திருப்பி எடுத்துப் பேச்சில் போட்டால்கூடப் போதும். நோயாளியாகவாவது என் தம்பி வேண்டும் எனக்கு.

அவன் பேச்சும் நினைவும் இருந்த கட்டங்களே இல்லை. உடல் மட்டும் இருந்தது, பதினெட்டு. நான் போட்டது நாற்பது.

நான்காவது இடத்தைப் பார்த்தேன்.

காலி.

சாம்பல் உருவம் அங்கே இல்லை. அது நின்ற இடத்தில் தரையில் இரண்டு பாத அடையாளம் மட்டும் இருந்தது.

பின்னறையில் யாரோ முனகிப் பாடினார்கள். சுதி சேராத பாட்டு. எந்த இடத்தில் சுதி விலகும் என்று எனக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்து தம்பி தலையில் நான் குட்டி நிறுத்திய பாட்டு அது. தம்பி என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வாய் மூடியிருந்தது.

"அக்கா," என்றது பின்னறை. "என்னமோ பேச்சு எதுக்குடான்னு கேட்டியே, இப்ப யாரு பேசிட்டிருக்கா பாத்தியா?"

அவன் குரல். அவன் கிண்டல். ஒன்றுதான் வித்தியாசம். நடுவில் எங்கேயும் மூச்சு வாங்கவில்லை.

அப்பாவிடம் எதையும் மறைக்க வழியில்லை. அன்று சாயங்காலம் அவரே அந்தக் குரலைக் கேட்டார். வீட்டைக் காலி பண்ணலாம் என்றேன். அவர் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்து அது, அவர் பஸ் ஓட்டக் கற்றுக்கொண்ட கதையை, தம்பி சொல்கிற மாதிரியே வாலும் தலையும் சேர்த்துச் சொன்னது. அப்பா சிரித்தார். மாதக்கணக்கில் நான் கேட்காத சிரிப்பு. அதற்குப் பிறகு தினமும் வேலை விட்டு வந்து அந்தக் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். உள்ளே மட்டும் போவதில்லை. நானும் போவதில்லை.

ஆனால் நானும் பேசுகிறேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அது என் தம்பி இல்லை என்று தெரியும். என் தம்பி எது என்று கேட்டால் நாற்காலியில் இருப்பதைக் காட்டவும் என் கை வரவில்லை.

 நேற்று மதியம் அது கதவுக்கு மிகப் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில் பேசியது.

"அக்கா, எல்லாம் இருக்கு. கண்ணு இருக்கு, காலு இருக்கு, பேச்சு இருக்கு, உன்னையும் அப்பாவையும் நல்லா ஞாபகம் இருக்கு. உடம்பு ஒண்ணுதான் இல்ல. பில்டை முடிச்சுக் குடுத்துரு."

முடியாது என்றேன். பெட்டியைத் தெருவில் போட்டு உடைத்துவிட்டேன் என்றேன். அது உண்மை. முந்தின வாரமே சுத்தியலால் உடைத்துக் குப்பை வண்டியில் ஏற்றியிருந்தேன்.

"தெரியும்," என்றது. "இனிமே அது வேண்டாம்."

எனக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது.

தம்பி எழுந்து நின்றிருந்தான். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. என்னைத் தாண்டி நடந்தான். நான் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். நான் கொடுத்த பலம் அது, என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனான். பின்னறைக் கதவின் முன்னால் போய் நின்று, தாழ்ப்பாளில் கையை வைத்தான்.

அப்படியே நிற்கிறான். நேற்றிலிருந்து நிற்கிறான். அப்பா வேலைக்குப் போகவில்லை, நானும் போகவில்லை. தாழ்ப்பாளிலிருந்து விலக்கி, ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். உள்ளே பாட்டு நின்றுவிட்டது. தாழ்ப்பாள் இருப்பது எங்கள் பக்கம். ஆனால் கொஞ்ச நேரமாக அது, யாரும் தொடாமலே, மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது.