சந்தனப் பேழையும் அகத்திக்கீரையும்

காலை மணி ஒன்பது பத்து. கண்ணாடி அலமாரிக்குள் சிவப்புப் பட்டுத் துணி மட்டும் கிடந்தது. அதன்மேல் இருந்த சந்தனப் பேழையைக் காணோம்.

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் ஊதுவத்தி ஏற்றுமதி செய்யும் இராமச்சந்திர முதலியார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். சுதந்திரம் வந்து ஐந்து வருஷமாகிறது. இப்போதுதான் முதல் முறையாக ஸ்பெயின் தேசத்து வியாபாரி ஒருவர் அவரைத் தேடி வருகிறார். பதினொரு மணிக்கு அவர் கையில் கொடுக்க வேண்டிய பேழை அது.

பூட்டு உடையவில்லை. சாவி கிடந்த இடம் செலுவம்பாவின் மேஜை இழுப்பறை. பொறுப்பும் அவளுடையதுதான். வியாபாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்கப் போகிறவளும் அவளே. இன்று அதைச் சரியாகச் செய்தால் வேலை நிரந்தரம். இப்போதோ வேலை இருக்கட்டும், மானம் தப்பினால் போதும் என்றாகிவிட்டது.

சப்-இன்ஸ்பெக்டர் பசவராஜ் வந்தார். வந்ததும் கன்னடம் கலந்த தமிழில் முடிவு கட்டிவிட்டார். யோசிக்கிற சிரமம் அவருக்குப் பிடிக்காது.

"ஏனம்மா, கீ உன் ட்ராயர்லதானே இருந்துச்சு? சும்னே அழுதா ஆகல்ல. ஸ்டேஷனுக்கு நட."

"நான் எடுக்கலை சார். பெருமாள் சத்தியமா எடுக்கலை."

"கொஞ்சம் நில்லுங்க" என்றது ஒரு குரல். வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றிருந்த குமுதவல்லி. கப்பல் என்ஜினீயரான கணவரோடு சிலி நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்துவிட்டு வந்தவள். முதலியாரின் குமாஸ்தாக்கள் இருவருக்கு ஆபீஸ் திறக்கும் முன்பு மாடியறையில் ஸ்பானிஷ் சொல்லிக் கொடுப்பது அவள்தான். தன் மாணவியை ஒருவர் திருடி என்றதில் அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"ராத்திரி பேழையைக் கடைசியா பார்த்தது யாரு?"

"நானேதான்மா" என்றார் முதலியார். "பார்த்துட்டுத்தான் கட்டடத்தையே பூட்டினேன்."

வாசல் காவல்காரனை விசாரித்ததில் மற்றது தெரிந்தது. ஆறு மணிக்குக் கதவைத் திறந்தான். திறந்து போட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் பூ வாங்கப் போனான். ஏழு மணிக்குத் திரும்பியபின் வாசலை விட்டு நகரவில்லை; வந்தவர்கள் அவன் கண்முன்னே நேரே மாடி வகுப்புக்குத்தான் ஏறினார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் யார் வேண்டுமானாலும் உள்ளே போயிருக்கலாம்.

"ஆறிலேர்ந்து ஏழு வரைக்கும் எங்கே இருந்தே, செலுவம்பா?"

"ஆத்துலதான் டீச்சர். அம்மாவைத் தவிர சாட்சி யாரும் இல்லை."

பசவராஜ் உதட்டைப் பிதுக்கினார். குமுதவல்லி தன் இன்னொரு மாணவன், நெற்றியில் விபூதியிட்ட குமாஸ்தா கேசவமூர்த்தியைப் பார்த்தாள். செலுவம்பா வரவில்லையென்றால் வியாபாரிக்குப் பக்கத்து நாற்காலி அவனுக்குத்தான்.

"நீங்க?"

"லக்ஷ்மீபுரத்துல மேடம். நம்ம சிநேகிதர் ஆழ்வார் ஐயங்கார் ஆத்துல. விடிகாலம் பாரணைக்குக் கூப்பிட்டிருந்தார். அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, சுண்டைக்காய் எல்லாம் போட்டு வயிறு முட்டச் சாப்பாடு. ஏழே கால் வரைக்கும் அங்கேதான்."

"அவரைக் கேக்கலாமா?"

"சாப்பாடு ஆனதும் குடும்பத்தோட மேலுக்கோட்டை பஸ் ஏறிட்டார். சாயங்காலம்தான் வருவார்."

பசவராஜுக்கு இது போதும். சாப்பிட்ட கறியெல்லாம் சொல்கிறவன் பொய் சொல்வானா என்பது அவர் நினைப்பு.

குமுதவல்லி ஜன்னலோரம் போய் நின்றாள். அன்றைய வகுப்பை மனத்தில் ஓட்டிப் பார்த்தாள். பாடம் 'தெனேர்' என்கிற வினைச்சொல். 'வைத்திருத்தல்' என்று பொருள். நமக்குப் பசிக்கும், தூக்கம் வரும், பயமாயிருக்கும். ஸ்பெயின்காரனோ பசியை வைத்திருக்கிறேன், தூக்கத்தை வைத்திருக்கிறேன், பயத்தை வைத்திருக்கிறேன் என்பான். வாய்க்கு வந்ததைச் சொல்லக்கூடாது, அந்த நிமிஷம் எது உண்மையோ அதைத்தான் சொல்ல வேண்டும் என்பது டீச்சரின் சட்டம்.

எட்டு மணிக்கு வந்த செலுவம்பா, "தெங்கோ ஆம்ப்ரே" என்றாள். பசி. "இன்னிக்கி ஏகாதசி டீச்சர். ஆத்துல அடுப்பே மூட்டலை" என்று காரணமும் சொன்னாள். கேசவமூர்த்தி கால்மணி தாமதமாக வந்து, "தெங்கோ சுவேன்யோ" என்று கொட்டாவி விட்டான். தூக்கம்.

குமுதவல்லி சட்டென்று திரும்பினாள். முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது.

"செலுவம்பா, பாரணைன்னா என்ன?"

"ஏகாதசி பட்டினி இருந்துட்டு, மறுநாள் துவாதசி விடிகாலம் சாப்பிடறது டீச்சர். அகத்திக்கீரை கட்டாயம்."

"ஆழ்வார் ஐயங்காரும் உங்களை மாதிரி மண்டயத்து ஐயங்கார்தானே? அவர் வீட்டுல ஏகாதசி என்னிக்கி?"

"எங்க எல்லார் ஆத்துலயும் இன்னிக்கிதான். சில மாசம் இப்படி ரெண்டு நாளா பிரிஞ்சு வரும். விபூதி இட்டுக்கற ஸ்மார்த்தாளுக்கு நேத்தி, எங்களுக்கு..." செலுவம்பா பாதியில் நிறுத்தினாள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

குமுதவல்லியின் குரல் உயர்ந்தது. "இன்ஸ்பெக்டர், கேசவமூர்த்தி ஸ்மார்த்தர். அவர் வீட்டுல நேத்து ஏகாதசி, இன்னிக்கிப் பாரணை. அகத்திக்கீரை சாப்பிட்டது நிஜம்தான். ஆனா தன் வீட்டுலதான் சாப்பிட்டிருப்பார். ஊருக்கெல்லாம் அதே நாள்னு நெனச்சு, அந்தச் சாப்பாட்டை அப்படியே ஐயங்கார் வீட்டு இலையிலே போட்டுட்டார். ஏகாதசியன்னிக்கி ஐயங்கார் வீட்டுல அரிசி உலையிலே ஏறுமா? வகுப்புக்கு நேரத்தோட வந்திருந்தா செலுவம்பா சொன்னது காதுல விழுந்திருக்கும். இந்தப் பொய்யைச் சொல்லியிருக்கவே மாட்டார்."

பசவராஜ் தொப்பியைக் கழற்றினார். கேசவமூர்த்தியின் நெற்றியில் வேர்வை அரும்பியது.

"பாடத்துல ஒரு வாக்கியம் பாக்கி இருக்கு, கேசவமூர்த்தி. தப்பையும் அந்த ஊர்க்காரன் வச்சிருக்கேன்னுதான் சொல்வான். சொல்லுங்க. உண்மையா இருக்கணும்."

அவன் தலையைத் தொங்கப் போட்டான்.

"தெங்கோ லா குல்பா... என் தப்புத்தான் மேடம். கிடங்குல சந்தனத் தூள் மூட்டைக்குள்ள இருக்கு. அந்த நாற்காலி எனக்கு வேணும்னு தோணிடுத்து."

மூட்டையைக் கவிழ்த்ததும் பேழை உருண்டு வந்தது. முதலியார் தாமே அதைத் துடைத்துச் செலுவம்பாவின் கையில் கொடுத்தார். "நீயே குடும்மா. நீயே பேசு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பசவராஜ் கேசவமூர்த்தியை அழைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார். போகிறபோது குமுதவல்லிக்கு ஒரு கும்பிடு போட்டார்.

மணி பதினொன்று. வியாபாரி வந்தார். மழை கொட்டுகிற மாதிரி பேசினார். செலுவம்பா வெறும் வயிற்றோடு உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் இரண்டு பக்கமும் எடுத்துச் சொன்னாள். பேரம் முடிந்தது. குமுதவல்லிக்கு வாயைத் திறக்கவே வேலையில்லை. அதில் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

புறப்படும்போது வியாபாரி அவளைத் தனியே அழைத்து ஸ்பானிஷில் கேட்டார்: "இந்தப் பெண் எங்கள் நாட்டில் எத்தனை வருஷம் இருந்தாள்?"

குமுதவல்லி வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஐயா, இவள் பக்கத்து ஊர் நஞ்சன்கூட்டைத் தாண்டினதே இல்லை!"